கேஸ் ஷீட்டில் ஏறும் கிரேக்கம்

நோயாளி தமிழில் சொல்கிறார். கேஸ் ஷீட்டில் அது கிரேக்கமாக ஏறுகிறது. மூட்டு வலி ஆர்த்ரால்ஜியா ஆகிறது. கால் மதமதப்பு பாரஸ்தீசியா ஆகிறது. விழுங்கும்போது வலித்தால் ஒடைனோஃபேஜியா. எங்கள் தொழிலில் இதை யாரும் மொழிபெயர்ப்பு என்று நினைப்பதில்லை. கை பழகிவிட்டதால் எழுதிக்கொண்டே போகிறோம். பொது மருத்துவ வார்டில் மாணவர்களுக்கு நோயாளியின் வரலாறு கேட்கச் சொல்லிக்கொடுப்பவன் நான். இந்த இடத்தில்தான் அவர்களை அதிக நேரம் நிறுத்திவைக்கிறேன். வேர் தெரியாமல் ஒரு சொல்லை எழுதினால், நோயாளி சொல்லாத ஒன்றைச் சொன்னதாகவும், நாம் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகவும் எழுதிவிடுவோம்.

'ஆல்கோஸ்' என்றால் கிரேக்கத்தில் வலி, துன்பம். ஆல்ஜியா என்று முடிகிற சொற்களெல்லாம் அதன் பிள்ளைகள்: மயால்ஜியா தசை வலி, நியூரால்ஜியா நரம்பு வலி, ஆர்த்ரால்ஜியா மூட்டு வலி. இவற்றை எழுதும்போது மருத்துவர் தன் பங்குக்கு எதையும் சேர்ப்பதில்லை. வலிக்கிறது என்று நோயாளி சொன்னார், இடத்தைக் காட்டினார், அது பதிவாகிறது. ஆர்த்ரைடிஸ் வேறு சாதி. மூட்டு வீங்கியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது, மடக்கவிடாமல் பையன் கையைத் தட்டிவிடுகிறான் என்று மருத்துவர் தானே தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல் அது. முன்னது நோயாளியின் வாக்குமூலம். பின்னது மருத்துவரின் சாட்சியம்.

இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதில்லை. பள்ளிக்கூடம் போகும் பையன் ஒருவனை அம்மா அழைத்து வருகிறார். "முந்தாநாள் முட்டி வலின்னான் சார். நேத்து கணுக்கால். இன்னைக்கு மணிக்கட்டைத் தூக்க முடியலைங்கிறான்." கூடவே காய்ச்சல். சில வாரங்களுக்கு முன் தொண்டை வலி வந்து போயிருக்கிறது. ருமாட்டிக் காய்ச்சலாக இருக்குமோ என்று பார்க்க டக்கெட் ஜோன்ஸ் 1944-இல் வகுத்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறோம். அதில் பல மூட்டுகளில் ஆர்த்ரைடிஸ் இருந்தால் முக்கிய அடையாளம்; வெறும் ஆர்த்ரால்ஜியா சிறு அடையாளம். இந்தக் காய்ச்சல் பரவலாக உள்ள நாடுகளில், வேறு காரணம் இல்லை என்று உறுதியான பிறகு, பல மூட்டு வலியையும் முக்கிய அடையாளமாகக் கொள்ளலாம் என்று 2015-இல் திருத்தினார்கள். அப்போதும் ஒற்றை மூட்டு வலி சிறு அடையாளமாகவே நின்றது. ஆக, மாணவர் போடும் பின்னொட்டைப் பொறுத்து அந்தப் பையனுக்கு நோயின் பெயர் மாறலாம். பெயர் உறுதியானால், இதயம் தப்பியிருந்தாலும்கூட, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, குறைந்தது ஐந்து ஆண்டுகள். தவறவிட்டாலோ மைட்ரல் வால்வு சுருங்கியபின் மூச்சிரைப்போடு திரும்பி வருவான். இத்தனையும் ஒரு சொல்லின் கடைசி இரண்டு எழுத்தில் தொங்குகிறது.

'ருமா' என்ற வேரும் இங்கே பார்க்கத்தக்கது. அதற்கு ஒழுகுவது, பாய்வது என்று பொருள். உடலின் திரவங்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வழிந்து போய்த் தேங்கினால் நோய் என்று பழைய கிரேக்க மருத்துவர்கள் கருதினார்கள். அந்தக் கொள்கை போய்விட்டது. ஆனால் முட்டியில் தொடங்கிக் கணுக்காலுக்கும் அங்கிருந்து மணிக்கட்டுக்கும் நகர்ந்த வலியை அந்த அம்மா சொன்னபோது, பெயர் வைத்தவர்கள் எதைப் பார்த்து வைத்தார்கள் என்பது விளங்கிவிடுகிறது.

ஐடிஸ் பின்னொட்டு முதலில் அழற்சியைக் குறிக்கவில்லை. கிரேக்கத்தில் அது 'அதைச் சேர்ந்த' என்று பொருள்தரும் பெண்பால் அடைமொழி. நோய்க்கு அவர்களிடம் 'நோசோஸ்' என்று ஒரு சொல் உண்டு; அது பெண்பால். 'ஆர்த்ரைடிஸ் நோசோஸ்' என்றால் மூட்டைச் சேர்ந்த நோய், அவ்வளவுதான். பேச்சில் நோசோஸ் உதிர்ந்து அடைமொழி மட்டும் நின்றது. ஹிப்போகிராட்டஸ் பெயரில் நமக்கு வந்துள்ள நூல்களில் நெஞ்சின் பக்கவாட்டு வலிக்கு ப்ளூரைடிஸ், சிறுநீரக நோய்க்கு நெஃப்ரைடிஸ் என்றெல்லாம் இந்த முறையில்தான் பெயர் வருகிறது. பிறகு ஐரோப்பிய மருத்துவம் பிணத்தை அறுத்தும் நுண்ணோக்கியில் பார்த்தும் நோயை உறுப்புகளில் தேடத் தொடங்கிய 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், ஐடிஸ் என்றால் அழற்சி என்று பொருள் இறுகியது. அழற்சியின் நான்கு குறிகளான சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகியவற்றை ரோமானியர் செல்சஸ் லத்தீனில் முன்பே எழுதிவைத்திருந்தார். கிரேக்கப் பின்னொட்டு அந்த லத்தீன் வரையறையைச் சுமக்க ஆரம்பித்தது.

பொருள் இறுகிய பிறகு அதற்குப் பொறுப்பும் வந்துவிட்டது. குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலஸ் தசைநாண் நாள்பட வலித்தால் டெண்டினைடிஸ் என்று வெகுகாலம் எழுதினோம். அறுத்து எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அழற்சி அணுக்களை அங்கே அதிகம் காணவில்லை. கொலாஜன் இழைகள் ஒழுங்கு குலைந்து கிடந்தன. அதனால் பெயர் டெண்டினோபதி என்று மாறியது. பெயரோடு வைத்தியமும் மாறியது. அழற்சியைத் தணிக்கும் மாத்திரையை நம்பியிருக்காமல், தசைநாணுக்குப் படிப்படியாகச் சுமை ஏற்றும் உடற்பயிற்சிக்கு வந்தார்கள். இதைச் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் 'பதி'தான் இந்தக் குடும்பத்திலேயே பொருள் அகன்ற சொல். வேர் 'பாதோஸ்'. ஒருவருக்கு நேர்வது, ஒருவர் மேல் வந்து விழுவது, அவர் படுவது. நாம் 'பட்டது' என்று சொல்கிறோமே, அந்தப் படுதல். நாம் செய்வது ஒன்று, நமக்கு நேர்வது ஒன்று. இரண்டாவது எதுவானாலும் கிரேக்கருக்கு அது பாதோஸ். காய்ச்சல் நேர்ந்தாலும், கோபம் நேர்ந்தாலும் ஒரே சொல்.

இதற்கு ஒரு சான்று உண்டு. கிரேக்கத்தில் 'பெரி பாதோன்', அதாவது பாதோஸ்களைப் பற்றி, என்று ஒரே தலைப்பில் இரண்டு பழைய நூல்கள் எழுதப்பட்டன. ஒன்று ஹிப்போகிராட்டஸ் தொகுப்பில் இருக்கிறது. காய்ச்சல், நுரையீரல் நோய், வயிற்று நோய், அவற்றுக்கு என்ன கொடுப்பது என்று பேசுகிறது. மற்றது ஸ்டோயிக் தத்துவஞானி கிரிசிப்பஸ் எழுதியது; அச்சம், ஆசை, துயரம், இன்பம் ஆகிய உணர்ச்சிகளைப் பற்றியது. இரண்டாவது முழுதாகக் கிடைக்கவில்லை. அதன் பகுதிகள் நமக்குக் கிடைப்பது, அதை மறுத்து எழுதிய ஒரு மருத்துவர் வழியாக. அவர் காலன். உணர்ச்சியைப் பற்றிய தத்துவ நூலை ஒரு மருத்துவர் வரிவரியாக எடுத்துவைத்து வாதாடியிருக்கிறார் என்றால், அது தன் துறைக்கு வெளியே உள்ள விஷயம் என்று அவர் நினைக்கவில்லை என்றுதான் பொருள். திருக்குறளில் மருந்து அதிகாரத்தில் வரும் நோயும் காமத்துப்பாலில் வரும் நோயும் ஒரே சொல்லாக இருப்பதைப் படித்து வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

காலன் பாதோஸை வைத்து இன்னொரு நுட்பமான பாகுபாடு செய்தார். ஓர் உறுப்பு தானாகவே நோயுற்றால் அது 'இடியோபதி'; 'இடியோஸ்' என்றால் தனக்கே உரியது. வேறோர் உறுப்பின் நோயால் இதுவும் சேர்ந்து துன்பப்பட்டால் 'சிம்பதி'. 'சின்' என்றால் உடன். வலிப்பு மூளையிலேயே தொடங்கினால் ஒருவகை, வயிற்றிலிருந்தோ கைகாலிலிருந்தோ ஏறி மூளையைத் தாக்கினால் இன்னொரு வகை என்று அவர் பிரித்தார். மருத்துவருக்கு இது மிகப் பயனுள்ள கேள்வி: வலிக்கிற இடமேதான் நோயின் இடமா?

இன்று இடியோபதிக் என்றால் காரணம் தெரியவில்லை என்று பொருள். அந்தப் பழைய கேள்வி அதிலிருந்து கழன்றுபோய்விட்டது. எனக்கு இது வருத்தம். நுரையீரல் நார் நாராக இறுகும் நோய்க்கு இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ் என்று பெயர். நோயாளியின் மகன் அந்தப் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போய், அப்பாவுக்கு என்ன நோய் என்று தெரிந்துவிட்டது என்று ஊரில் சொல்வார். அவரிடம் மருத்துவர் பெயரைச் சொல்லும்போதே, இதன் காரணம் யாருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிரேக்கப் பெயர் ஒரு விடை போல ஒலிக்கிறது. அந்த ஒலியை நாம் நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளக் கூடாது.

சிம்பதி வேறு வழியில் பிழைத்துக்கொண்டது. முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நரம்புச் சங்கிலிக்கு 'பெரும் சிம்பதட்டிக்' என்று 1732-இல் பெயரிட்டவர் ஜேக்கப் வின்ஸ்லோ. உறுப்புகள் ஒன்றின் துன்பத்தை மற்றொன்றுக்குக் கடத்துவது இதன் வழியாகத்தான் என்ற எண்ணம் அந்தப் பெயரில் இருக்கிறது. இன்றைய உடலியங்கியல் அதன் வேலையை வேறுவிதமாக விளக்குகிறது. ஆனால் பயத்தில் நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் இந்த நரம்புகளால்தான். உணர்ச்சியைக் குறிக்கும் சொல் உடற்கூறியல் மேசையில் சரியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது.

உடன்படும் வலிக்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு உதரவிதானம். கிரேக்கத்தில் 'ஃப்ரேன்' என்றால் மனம்; பழைய கிரேக்கத்தில் அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே, எண்ணமும் உணர்வும் குடியிருக்கும் இடம். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு இன்றும் ஃப்ரெனிக் நரம்புதான். 1908-இல் ஆய்கன் பிளாய்லர் ஸ்கிசோஃப்ரீனியா என்று பெயர் வைத்தபோது எடுத்ததும் இதே ஃப்ரேனை. கழுத்தில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது தண்டுவட நரம்புகளிலிருந்து அந்த ஃப்ரெனிக் நரம்பு புறப்படுகிறது. தோள்பட்டைத் தோலின் உணர்வும் ஏறக்குறைய அதே மட்டத்தில்தான் போய்ச் சேர்கிறது. அதனால் மண்ணீரல் கிழிந்து இரத்தம் உதரவிதானத்துக்கு அடியில் தேங்கினால் இடது தோளின் நுனி வலிக்கும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர் தோள் வலிக்கிறது என்று மட்டும் சொல்லும்போது, தோளை எக்ஸ்-ரே எடுத்து அனுப்பிவிடாமல் வயிற்றில் கைவைத்துப் பார்க்கிற மாணவர், காலனின் கேள்வியைக் கேட்கிறார்.

அடுத்து 'ஐஸ்தேசிஸ்'. புலனுணர்வு. அதற்கு முன்னால் இல்லை என்னும் 'அன்' சேர்ந்தால் அனஸ்தீசியா. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து அறுவை நடந்தது எல்லா மாணவருக்கும் தெரிந்த கதை. மார்ட்டன் தன் மருந்துக்கு 'லெதியான்' என்று பெயர் வைத்தார். கிரேக்கப் புராணத்தில் இறந்தவர் குடித்து எல்லாவற்றையும் மறந்துபோகும் லேத்தே ஆற்றின் பெயர் அது. அடுத்த மாதமே ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், மருத்துவரும் எழுத்தாளரும், அவருக்குக் கடிதம் எழுதி அந்த நிலைக்கு அனஸ்தீசியா என்ற சொல்லைப் பரிந்துரைத்தார். மறதியைச் சொன்ன பெயர் மறைந்தது. உணர்வின்மையைச் சொன்ன பெயர் நின்றது. அதுதான் சரி என்பது என் கருத்து. லேத்தே வலியை மறக்கடிப்பதாகச் சொல்கிறது. உணரவே இல்லை என்பது வேறு.

ஆனால் ஹோம்ஸ் வரமாகக் கொடுத்த அதே சொல், எங்கள் ஊர் மருத்துவத்தில் நோயின் குறியாகவும் இருக்கிறது. தொழுநோயின் முதன்மைக் குறிகளில் ஒன்று, வெளிறிய அல்லது சிவந்த படையில் உணர்வு போயிருப்பது. பஞ்சு நுனியால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தைக் காட்டச் சொல்கிறோம். படைக்கு வெளியே விரல் சரியாகப் போகிறது. படைக்குள் தொட்டால் கை எழுவதே இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த பால் பிராண்ட், இந்த நோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி உதிர்கின்றன என்ற நம்பிக்கையை உடைத்தவர். சுடும் பாத்திரத்தைக் கை உணராது, காலில் ஆணி ஏறியது தெரியாது, புண்ணின் மேலேயே நடப்பார்கள்; விரல் தேய்ந்து போவது அதனால்தான் என்று அவர் காட்டினார். வலியை ஒரு கொடையாக அவர் பேசியதும் எழுதியதும் வேலூரில் இந்தக் கைகளைப் பார்த்ததிலிருந்து பிறந்தது.

இன்று அதே உணர்வின்மையை நீரிழிவு நோயாளிகளின் பாதத்தில் நாள்தோறும் பார்க்கிறோம். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொடுவோம். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவிட்டுப் பெருவிரல் எலும்பில் வைப்போம். தெரியவில்லை என்றால் நியூரோபதி என்று எழுதுவோம். அந்தச் சொல்லில் பாதோஸ் இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உணர்வு என்றும் துன்பம் என்றும் பொருள்படும் வேரை, உணர்வே போய்விட்ட காலுக்குப் பெயராக வைத்திருக்கிறோம். சிலருக்கு அதே கால் பகலெல்லாம் மரத்துக் கிடக்கும். இரவில் போர்வை பட்டால்கூட எரியும். இரண்டையும் ஒரு நோயாளி ஒரே மூச்சில் சொன்னால் மாணவர் குழம்புகிறார், நோயாளி முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்று நினைக்கிறார். முரண் எதுவும் இல்லை. சேதப்பட்ட நரம்பு, செய்தி அனுப்பாமலும் இருக்கும், இல்லாத செய்தியை அனுப்பவும் செய்யும்.

மனத்தைச் சேர்ந்த சொற்களுக்கு வந்தால், ஹோமர் காலத்திலேயே ஆல்கோஸ் உடம்புக்கும் மனத்துக்கும் பொதுவாக இருந்தது; இலியாத்தின் தொடக்க வரிகளில் அக்கிலஸின் சினம் தன் படைக்குக் கொண்டுவந்த துன்பங்களுக்கு வரும் சொல் அதுதான். அந்தப் பொதுமையை நம்பி 1688-இல் பாசல் நகரில் ஜொஹானெஸ் ஹோஃபர் என்ற 19 வயது மாணவர் தன் மருத்துவ ஆய்வேட்டில் ஒரு புதுச் சொல்லைக் கட்டினார். 'நோஸ்டோஸ்', வீடு திரும்புதல், அதோடு ஆல்கோஸ். நாஸ்டால்ஜியா. ஊரைப் பிரிந்த சுவிஸ் இளைஞர்களிடம் அவர் கண்ட நோய் அது: தூக்கமில்லை, பசியில்லை, நெஞ்சு படபடக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது. பெர்ன் நகரத்திலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த ஒருவர் சாகக் கிடந்து, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே தேறத் தொடங்கியதை அவர் விவரிக்கிறார். இன்று அந்தச் சொல் பழைய பாட்டுக் கேட்கும் சுகத்துக்கு வந்துவிட்டது. ஹோஃபர் அதை எழுதியபோது அது ஒரு வலியின் பெயர், நியூரால்ஜியாவைப் போல. நோயாளி சொன்ன ஏக்கத்தை உடம்பின் வலிக்குச் சமமாக எடுத்துப் பதிவு செய்த அந்த இளைஞர் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

எல்லாக் கிரேக்கச் சொல்லும் அப்படி நோயாளியை மதித்துப் பிறந்ததில்லை. 'ஹிஸ்டரா' என்றால் கருப்பை. கருப்பை இடம்பெயர்ந்து மூச்சை அடைக்கிறது என்ற பழைய கருத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு, விளக்க முடியாத எந்த நோய்க்குறியோடும் வரும் பெண்ணுக்கு ஹிஸ்டீரியா என்று எழுதும் வழக்கம் நூற்றாண்டுகள் நீடித்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1980-இல் அதைக் கைவிட்டது. என் வார்டில் அந்தச் சொல்லை யாரும் எழுத விடமாட்டேன். அது எழுதப்பட்ட கேஸ் ஷீட்டை அடுத்த மருத்துவர் பாதியில் மூடிவிடுவார். அதற்குப் பின் அந்தப் பெண் என்ன சொன்னாலும் அது ஏறாது.

இதற்கு நேர் எதிராக நான் மதிக்கும் ஒரு சொல் 'அலெக்சிதைமியா'. 1970-களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர், கிரேக்க மண்ணில் பிறந்தவர், உருவாக்கினார். 'லெக்சிஸ்' சொல், 'தூமோஸ்' உள்ளத்து உணர்ச்சி, முன்னால் இல்லை என்னும் 'அ'. உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை. தன் உள்ளே நடப்பதைப் பெயரிட்டுச் சொல்ல முடியாதவர்கள் உடம்பின் வலியாகவே அதைக் கொண்டுவருவதை அவர் கவனித்திருந்தார். உடம்பெல்லாம் வலி என்று வந்த ஒருவருக்கு எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தால், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடாமல், வலி தொடங்கிய அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கவும் இந்தச் சொல் எனக்கு வழி காட்டியது. கேட்டால் சிலர் அழுகிறார்கள். சிலர் யோசித்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, இடுப்புதான் கழண்டு போகுது" என்கிறார்கள். அப்போது இடுப்பைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். அவர்களிடம் அந்த வலி உண்மையானது.

அதனால் முதன்மைக் குறைகள் என்ற கட்டத்தில் நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியே தமிழில் எழுதச் சொல்கிறேன். கிரேக்கம் அதற்குக் கீழே வரட்டும். கடுக்குது, குடையுது, விண்விண்ணு தெறிக்குது, பளீர்னு வெட்டுது, நெஞ்சுமேல பாறாங்கல்லை வெச்ச மாதிரி இருக்குது: ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் கைகாட்டுகிறது. முகத்தில் பளீரென்று வெட்டுவது டிரைஜெமினல் நியூரால்ஜியாவாக இருக்கலாம். பாறாங்கல்லுக்கு உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் வெறும் வலி என்று ஒரே ஆல்ஜியாவில் அடைத்துவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. போன வாரம் ஒரு மாணவி நியூரோபதி என்று எழுதுவதற்கு மேலே ஒரு வரி எழுதியிருந்தார்: "தரையில் நடந்தால் பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கிறது, கண்ணை மூடிக் குளிக்கும்போது தள்ளாடுகிறது." சர்க்கரையோடு பி12 அளவையும் பார்க்கச் சொல்லியிருந்தார். அப்படிச் சொன்ன நோயாளி அம்மாவை நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னோம். சாய்ந்தார், பிடித்துக்கொண்டோம்.